நிழல் தெற்கே விழுந்த படம்

தேதியை வெட்டி எறிந்தவன் நான்தான். யார் செய்த தப்பு என்று நீங்கள் கடைசிவரை தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1947 ஜூன் மாதம். அடையாற்றின் தென்கரையில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கடற்கரை எங்கே வளர்கிறது, எங்கே தேய்கிறது என்று கணக்கெடுப்பது வேலை. எஞ்சினீயர் வேதாந்தம் தலைவர். நான் அம்பி, இருட்டறைக்காரன். விமானத்திலிருந்து எடுத்த படங்களை அச்சிடுவதும், வெட்டி ஒட்டுவதும் என் பொறுப்பு. மூன்றாவது ஆள் நோரா லியோனார்ட். சாந்தோம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த லியோனார்டின் மகள். வயது இருபத்தாறு. போர்க்காலத்தில் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து, விமானப் படங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்தவள்.

படத்தைப் பார்ப்பதுதானே, படிப்பது என்ன என்று என் வீட்டில்கூடக் கேட்பார்கள். நேர்மேலே இருந்து எடுத்த படத்தில் ஊர் தட்டையாகத் தெரியும். தென்னை மரம் ஒரு நட்சத்திரம், கிணறு ஒரு பொட்டு, கடல் வெறும் சாம்பல் துணி. ஆனால் விமானம் பறந்துகொண்டே படம் எடுக்கும்போது ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பாதிக்கு மேல் மறுபடியும் காட்டும். ஒரே இடம், இரண்டு கோணம். நம் இரண்டு கண்கள் செய்வதும் அதுதானே? அந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாலு கம்பிக் காலில் நிற்கும் இரட்டை லென்ஸ் வழியே பார்த்தால், ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று ஊர் எழுந்து நிற்கும். மரம் மரமாகும். மணல்மேடு மேடாகும். முதன்முதலில் பார்த்தபோது நான் கையை நீட்டித் தொடப் போனேன். நோரா சிரித்தாள்.

அந்த நோராதான் அறுபது அடியைக் கண்டுபிடித்தவள்.

எங்களிடம் பட்டினப்பாக்கம் கரையின் படங்கள் இரண்டு தொகுதி இருந்தன. ஒன்று, போர்க்காலத்தில் விமானப்படை எடுத்தது. இன்னொன்று, எங்களுக்காகவே 1946 டிசம்பர் ஒன்பதாம் தேதி பறந்து எடுத்தது. முதல் தொகுதியின் பெட்டியில் ‘டிசம்பர் 1945’ என்று எழுதியிருந்தது. ஆகவே ஒரு வருஷ இடைவெளி, அதே மாதம். ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது என்று நாங்கள் மகிழ்ந்துபோனோம்.

அளப்பது எப்படி என்றால், விமானம் ஐயாயிரம் அடி உயரத்தில் பறந்தது. காமிராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே சரியாக ஓரடி. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஐயாயிரம். அதாவது படத்தில் இருப்பதைவிடத் தரை ஐயாயிரம் மடங்கு பெரியது. படத்தில் ஓர் அங்குலம் தரையில் ஏறக்குறைய நானூற்றுப் பதினேழு அடி. தண்ணீரின் ஓரத்தை அளக்கக் கூடாது. அது அலைக்கு அலை, ஓதம் ஏற இறங்க, மாறும். உயர்ந்த அலை கொண்டுவந்து போட்ட குப்பைக் கோடு ஒன்று மணலில் கறுப்பாகத் தெரியும். அதைத்தான் அளக்க வேண்டும். நோரா மீனவர் குடிசைகளின் முதல் வரிசைச் சுவரிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் அளந்தாள். பழைய படத்தில் நூற்று இருபத்தெட்டு அடி. புதிய படத்தில் அறுபத்தெட்டு. வித்தியாசம் படத்தில் ஓர் அங்குலத்தின் ஏழில் ஒரு பங்குதான். தரையில் அறுபது அடி.

ஒரு வருஷத்தில் அறுபது அடி கடல் தின்றிருக்கிறது என்றால், அடுத்த வருஷம்?

வேதாந்தம் அந்தக் கேள்வியை அப்படியே அறிக்கையில் எழுதினார். முதல் வரிசையில் இருந்த நாற்பத்திரண்டு குடிசைகளையும் மழைக்காலத்துக்கு முன் பிரித்து, ஊருக்குள்ளே இரண்டு மைல் தள்ளி ஒரு காலி மனையில் குடியேற்ற வேண்டும் என்பது முடிவு. கடலைவிட்டு இரண்டு மைல் தள்ளிப் போனால் மீனவன் என்ன தின்பான் என்று அறிக்கை கேட்கவில்லை. மேலிடத்துக்குச் சனிக்கிழமை அனுப்புவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி. தரைச் சரிபார்ப்பு. படத்தில் சுவர் என்று நினைத்தது தரையிலும் சுவர்தானா என்று நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். அது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை நோராவும் நானும் பட்டினப்பாக்கம் போனோம். முதல் வரிசையில் மூன்றாவது குடிசை கபாலியுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தக் குப்பத்தில் நாலு பேர் கூடும் விஷயம் எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“இன்னா வாத்தியார் பொண்ணு, வூட்டப் பிரிக்கத் தேதி குறிச்சாச்சா?”

விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டிருக்கிறது. நோரா சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினாள். “சரிபாக்க வந்தோம், அண்ணே. இன்னும் அனுப்பல.”

“இன்னாத்த சரிபாக்கப் போற? கடல் இங்க கீது, நாங்க இங்க கீறோம். எங்க தாத்தன் காலத்திலருந்து அப்டித்தான்.”

நோரா விவாதம் பண்ணவில்லை. கவிழ்ந்து கிடந்த ஒரு மரப்பெட்டியின் மேல் பழைய படங்கள் இரண்டை விரித்து, கம்பிக்கால் லென்ஸை வைத்து, “இதுல பாருங்க அண்ணே” என்றாள்.

கபாலி குந்தி உட்கார்ந்து கண்ணை வைத்தார். கம்பிக்காலைக் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தார்.

“அடியாத்தே! கோயில் கோபுரம் மூஞ்சிய குத்த வருதே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை நெடுநேரம். விரல் படத்தின் மேல் நகர்ந்தது. “தோ என் வூடு. தோ சின்னப்பொண்ணு வூடு. இது எங்க கட்டுமரம். எல்லாம் சரியாத்தான் கீது.” நிமிர்ந்தார். “இது எப்ப எடுத்தது?”

“ரெண்டு வருஷம் முன்னாடி. டிசம்பர். மார்கழி.”

கபாலி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, “கேட்டியா நைனா? மார்கழியாம்!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“ஏன் சிரிக்கறேள்?” என்று கேட்டேன். எனக்குச் சுருக்கென்றது.

“சாமி, மார்கழில என் வூட்டு முன்னாடி இம்மாம் மணல் எப்டி வரும்? மரம் அல்லாம் கீழ தண்ணியோரமா கெடக்குது பாரு. ஐப்பசி பொறந்தா மரத்த அல்லாம் வூட்டு வாசலுக்கு இழுத்துருவோம். இல்லாட்டி கடல் இழுத்துக்கினு பூடும். இது வைகாசி, ஆனி. எவனோ உங்கள நல்லா ஏமாத்திக்கீறான்.”

திரும்பி வரும்போது நோரா எனக்கு முன்னால் வேகமாக மிதித்தாள். அடையாறு பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்திவிட்டாள்.

“அம்பி, அவர் சொல்றது சரின்னா, நான் அளந்தது வருஷ வித்தியாசம் இல்ல. கோடைக்கும் மழைக்கும் உள்ள வித்தியாசம்.”

“உங்க அளவு தப்பா?”

“அளவு சரி. அதுதான் பயமா இருக்கு. சரியான அளவை வெச்சு நாப்பத்திரண்டு வீட்டப் பிரிக்கப் போறாங்க.”

அவள் சொன்னதை விளக்கிவிடுகிறேன். நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் வாடைக்காற்று குட்டையான, கோபமான அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளும். அவை மணலைச் சுரண்டிக் கொண்டுபோய், கரையிலிருந்து சற்றுத் தூரத்தில் தண்ணீருக்கு அடியில் ஒரு திட்டாகக் குவித்துவிடும். மழை நின்றபின் வரும் அலைகள் நீளமானவை, சோம்பேறிகள். அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும். ஆகவே ஜூன் கரையையும் டிசம்பர் கரையையும் ஒப்பிட்டு ‘கடல் தின்றுவிட்டது’ என்று சொல்வது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒருவனை எடை போட்டு ‘பருத்துவிட்டான்’ என்று சொல்வதுபோல.

ஆபீசுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி எனக்குத்தான்.

“படத்தோட ஓரத்துல விமானப்படை ஒரு பட்டை வெச்சிருக்குமே? நாள், நேரம், உயரம் எல்லாம் எழுதி?”

இருந்தது. வெள்ளைப் பட்டை, கால் அங்குல அகலம். நான் ஒரு மாதம் உட்கார்ந்து அந்தப் படங்களை ஒட்டி, கூவத்திலிருந்து திருவான்மியூர் வரைக்கும் ஒரே பெரிய படமாக்கியிருந்தேன். அதற்கு ஓரங்களை வெட்ட வேண்டும். வெட்டுவதும் சும்மா இல்லை. மேல்தோலை மட்டும் பிளேடால் கீறி, பின்பக்கம் கிழித்து, உப்புத்தாளால் தேய்த்து ஓரத்தை வெங்காயத்தோல் மாதிரி மெலிதாக்கி, பசை போட்டு ஒட்டினால் இணைப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த வேலைக்கு ஒன்றுவிட்டு ஒரு படம் போதும். மற்றவற்றை நான் தொட்டிருக்க வேண்டாம். ஆனால் பெட்டியில் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அழகாயிருக்குமே என்று அத்தனையையும் வெட்டினேன்.

“பட்டைகள் எங்க?”

“குப்பைல.”

“பெட்டி மேல டிசம்பர்னு யார் எழுதினது?”

“நான்தான். பின்பக்கம் முத்திரை இருந்துது, பன்னெண்டு நாப்பத்தஞ்சுன்னு.” சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அது அச்சிட்ட மாதம். படம் எடுத்த மாதம் அல்ல. பிலிமை எப்போது வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று உலகத்தில் யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, இருட்டறைக்காரனுக்குத் தெரிய வேண்டும்.

நெகட்டிவ் சுருள்கள் அந்த விமானப்படை அணியோடு எங்கேயோ போய்விட்டன. கேட்டு எழுதினால் பதில் வர மூன்று மாதம். அறிக்கை போக நாலு நாள்.

நோரா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு, பழைய படத்தைப் பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஆரம்பித்தாள். புதன்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

“கோயில் கோபுரத்தப் பாருங்க. நிழல் எந்தப் பக்கம்?”

சாந்தோம் மாதா கோயிலின் கோபுரம் நூற்றைம்பத்தைந்து அடி. படத்தில் அதன் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கீற்று தென்மேற்கே போயிற்று. எட்டில் ஒரு அங்குலம்கூட இல்லை, ஐம்பது அடிக்குள்.

“இப்ப டிசம்பர் ஒன்பது படம்.”

அதில் அதே கோபுரத்தின் நிழல் வடமேற்கே, நீளமாக, நூற்றிருபத்தைந்து அடிக்கு மேல் விழுந்திருந்தது.

அவள் கண் பளபளத்தது. “தேதியை ஓரத்துலதான் எழுதணுமா அம்பி? நடுவுலயே எழுதியிருக்கு.”

படத்தை எடுத்துக்கொண்டு வேதாந்தத்தின் அறைக்குப் போனோம். அவர் மயிலாப்பூர்க்காரர், இங்கிலாந்தில் இரண்டு வருஷம் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்தவர். வேலையில் கெட்டிக்காரர். பேச்சில் கறார். அவர் கொண்டுவந்த கையேட்டிலிருந்து எடுத்த விதிகள் எங்கள் சுவரில் தட்டச்சுத் தாளில் ஒட்டியிருந்தன. ஏழாவது விதி: நிழல் வடக்குப் பக்கம் விழும், படத்தைத் திசைப்படுத்த அதைப் பயன்படுத்துக.

“மிஸ் லியோனார்ட், அது நிழலே இல்லை” என்றார் வேதாந்தம். “சாய்வு. உசரமான வஸ்து எல்லாம் படத்தோட நடுவுலேருந்து வெளிப்பக்கம் சாஞ்சாப்பல தெரியும். உங்களுக்குத் தெரியாததா? கோயில் படத்துல தென்மேற்கு மூலைல இருக்கு. அதனால தென்மேற்கே சாயறது. அதப் போய் நிழல்ங்கறேளே.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உயரே ஒரே ஒரு கண் நேர்கீழே பார்க்கிறது. அதற்கு நேர்கீழே இருக்கும் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரியும். தள்ளி இருக்கும் கோபுரத்தின் பக்கவாட்டும் தெரியும். உச்சி வெளிப்பக்கமாகத் தள்ளிப்போய், கோபுரம் சாய்ந்து படுத்ததுபோல இருக்கும்.

நோரா இதற்குத் தயாராக வந்திருந்தாள். “சாய்வும் இருக்கு சார். வெள்ளையா இருக்கறது சாய்வு, கறுப்பா இருக்கறது நிழல். இங்க ரெண்டும் ஒரே பக்கம் போனதால ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து குழப்புது. மத்த மூலையப் பாருங்க.” படத்தின் நடுப்புள்ளியில் ஊசித்துளை ஒன்று உண்டு, அளக்கத் தொடங்குமுன் அவளே குத்தியது. அந்தத் துளையிலிருந்து வடமேற்கு மூலைக்கு ஒரு கோடு போட்டாள். “இந்தத் தென்னை எல்லாம் வடமேற்கே சாயுது. ஆனா நிழல் பாருங்க, தென்மேற்கே. இங்க வடகிழக்குல ஒரு கொடிமரம். சாய்வு வடகிழக்கு. நிழல் மறுபடியும் தென்மேற்கு. சாய்வு ஒவ்வொரு மூலையிலயும் ஒவ்வொரு பக்கம் போகுது. நிழல் எல்லாம் ஒரே பக்கம்.”

வேதாந்தம் பூதக்கண்ணாடியை வாங்கினார். ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். “சரி. நிழல்தான்” என்றார் மெதுவாக. “அப்போ படம் தலைகீழா அச்சாயிருக்கு. பிலிமப் புரட்டிப் போட்டிருப்பா. நிழல் எப்படித் தெற்கே விழும்? சூரியன் நமக்குத் தெற்கேன்னா இருக்கு?”

“புரட்டிப் போட்டிருந்தா கடல் மேற்கே போயிருக்கும், இல்ல ஊரே வடக்கு தெற்கா மாறியிருக்கும் சார்.”

வேதாந்தம் சுவரில் இருந்த ஏழாவது விதியைப் பார்த்தார்.

“ஒரு குப்பத்து ஆள் பேச்சையும், ஒரு கறுப்புக் கீத்தையும் வெச்சுண்டு நான் அறிக்கைய நிறுத்த முடியாது. மழைல நாப்பத்திரண்டு குடும்பம் கடலோட போனா யார் பதில் சொல்றது? நீங்களா?”

அது நியாயமான கேள்வி. அந்த மனிதர் குடிசைகளைப் பிரிக்க ஆசைப்பட்டவர் அல்ல. காப்பாற்றத்தான் நினைத்தார்.

“நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு ஒன்பதுக்கு என்கூடக் கடற்கரைக்கு வாங்க சார்” என்றாள் நோரா. “ஒரு மூங்கில் போதும்.”

ஏன் பன்னிரண்டு ஒன்பது? நம் கடிகாரம் இந்தியா முழுவதுக்கும் பொதுவானது. சூரியன் அதைக் கேட்டு ஓடுவதில்லை. அந்த மாதத்தில் சென்னைக்கு உச்சிப்பொழுது கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஒன்பது நிமிஷத்துக்கு வருகிறது. அந்த ஒரு நொடியில் மட்டும் நிழல் கிழக்கும் போகாது, மேற்கும் போகாது. வடக்கு அல்லது தெற்கு, இரண்டில் ஒன்று.

வியாழக்கிழமை வெயில் கொளுத்தியது. கபாலி பத்தடி மூங்கில் ஒன்றைக் கொண்டுவந்து மணலில் நட்டார். நான் தூக்குக்குண்டு பிடித்து நேராக்கினேன். குப்பம் முழுக்கச் சுற்றி நின்றது. வேதாந்தம் தொப்பியும் திசைகாட்டியுமாக வந்தார்.

“இதுக்கு ஒரு ஆபீசு, அதுல ஒரு பங்கா!” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். “மூங்கில் நட்டு நெழலு பாக்கறதுக்கா இங்கிலீசு படிச்சாரு?”

“சும்மா இரு கஸ்மாலம். சாமி கணக்குப் போடுது” என்றார் கபாலி.

பன்னிரண்டு ஒன்பது. மூங்கிலின் அடியில் குட்டையான நிழல், ஒன்றே முக்கால் அடி. வேதாந்தம் திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தார். முள் வடக்கே காட்டியது. நிழல் அதற்கு நேர் எதிரே, திருவான்மியூர்ப் பக்கம் பார்த்துக் கிடந்தது. அவர் திசைகாட்டியைத் தட்டினார். தள்ளி வைத்தார். பிறகு எழுந்து நின்று தம் காலடியைப் பார்த்தார். அவருடைய தொப்பியின் நிழலும் தெற்கேதான் விழுந்திருந்தது.

நெற்றியில் ஒரு போடு போட்டுக்கொண்டார். “நாப்பது வருஷமா இந்த ஊர்ல வெயில்ல நடந்துண்டிருக்கேன்” என்றார். “ரெண்டு வருஷம் லண்டன்ல இருந்துட்டு வந்து, சூரியன் எப்பவும் தெற்கேன்னு எழுதி ஒட்டியிருக்கேனே!”

விஷயம் இதுதான். லண்டன் வெகு வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் எந்த நாளும் தலைக்கு நேரே வருவதில்லை, தெற்கேதான் நிற்கும். அந்தக் கையேட்டை எழுதியவர் தம் ஊருக்குச் சரியாகவே எழுதினார். நம் ஊர் சூரியன் நடமாடும் எல்லைக்குள் இருக்கிறது. சித்திரை பாதிக்கு மேல் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய், ஆவணி தொடக்கத்தில் திரும்புகிறது. அந்த நாலு மாதம் மட்டும் நம் உச்சிப்பொழுது நிழல் தெற்கே விழும். மார்கழியில் தெற்கே விழவே விழாது.

அன்று பிற்பகல் வேதாந்தம் மடக்கைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முறை சரிதானா என்று முதலில் தேதி தெரிந்த படத்தில் சோதித்தார். நிழலின் திசை, நீளம், கோபுரத்தின் உயரம் ஆகிய மூன்றையும் போட்டதில் ‘டிசம்பர் ஆறு, அல்லது ஜனவரி ஆறு’ என்று வந்தது. உண்மையில் டிசம்பர் ஒன்பது. மூன்று நாள் வித்தியாசம். பூதக்கண்ணாடியால் அளந்ததற்கு அது போதாதா? பிறகு தேதி இல்லாத படம். ‘ஜூன் ஒன்று, அல்லது ஜூலை பன்னிரண்டு’, காலை பதினொன்றை ஒட்டி. ஏன் இரண்டு விடை என்றால், சூரியன் வடக்கே போகும்போது ஒரு தடவையும் திரும்பும்போது ஒரு தடவையும் அதே இடத்தைக் கடக்கிறது. எந்தத் தடவை என்று நிழல் சொல்லாது. எங்களுக்கு அது தேவையும் இல்லை. இரண்டும் கோடை.

வேதாந்தம் பேனாவைத் திறந்து அறிக்கையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே எழுதினார்: ‘முதல் படத்தின் காலம் தவறாகக் கொள்ளப்பட்டது. குடிசைகளை அகற்றும் யோசனை திரும்பப் பெறப்படுகிறது. பிழையைக் கண்டு நிறுவியவர் மிஸ் நோரா லியோனார்ட்.’ பிறகு எழுந்து போய், சுவரிலிருந்த ஏழாவது விதியைக் கிழிக்காமல், பக்கத்தில் ‘சித்திரை முதல் ஆவணி வரை தெற்கே’ என்று தம் கையாலேயே திருத்தி எழுதினார். நான் பட்டை வெட்டிய கதையையும் ஒப்புக்கொண்டேன். “அடுத்த தடவை உம் விரல வெட்டிண்டுடும் ஓய்” என்றார். அவ்வளவுதான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நோரா அப்படி நினைக்கவில்லை. மணல் போனது பருவத்தால் என்று காட்டியாயிற்று. திரும்பி வரும் என்று இன்னும் காட்டவில்லை. வராவிட்டால், நாற்பத்திரண்டு குடும்பங்களை அங்கேயே இருக்கச் சொன்னவள் அவள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நாடா எடுத்துக்கொண்டு போய், கபாலியின் சுவரிலிருந்து குப்பைக் கோடு வரை அளந்து வந்தாள்.

ஆகஸ்டில் நாட்டின் கொடி மாறியது. எங்கள் பங்களாவின் மாடியிலும் ஒன்று ஏற்றினோம். அன்றைய அளவு நூற்று முப்பது.

ஐப்பசியில் கடல் நிறம் மாறியது. நூற்றுப் பத்து, தொண்ணூற்றாறு, எண்பத்திரண்டு. டிசம்பர் இரண்டாம் வாரம் மூன்று நாள் புயல் மழை. நாலாம் நாள் நாங்கள் போனபோது கோடு அறுபத்து மூன்று அடியில் இருந்தது. அலை நுரை அதையும் தாண்டி, வாசலில் ஏற்றிவைத்த கட்டுமரங்களை நக்கிவிட்டுப் போனது. வேதாந்தமும் வந்திருந்தார். குடையை மடக்கி, கைத்தடிபோல ஊன்றி, கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நோராவிடம் வந்தாள். “ஏம்மா, நீ சொன்னா கடல் கேக்குமா?”

நோரா நாடாவைச் சுருட்டினாள். “கேக்காதும்மா. ஆனா அது எப்பவும் செய்யறதத்தான் செய்யுதுன்னு நெனைக்கிறேன். போன வருஷம் இதே நாள்ல அறுபத்தெட்டு. இன்னும் இருபதடி போச்சுன்னா நானே வந்து உங்க சாமானத் தூக்கறேன்.”

“அவளக் கொடையாத!” என்று கபாலி அதட்டினார். “எங்கப்பன் காலத்துல வாசப்படி வரைக்கும் வந்துட்டுப் போய்க்கீது. பொங்கல் தாண்டட்டும்.”

பொங்கல் தாண்டியது. ஜனவரி கடைசியில் அறுபத்தாறு. அந்த மூன்றடியை அவள் நோட்டில் எழுதியபோது நான் பக்கத்தில் இருந்தேன். எழுதிவிட்டு, நம்பாமல் மறுபடி போய் அளந்தாள். அறுபத்தாறேதான். பிப்ரவரியில் எழுபத்தெட்டு. ஏப்ரலில் நூற்று எட்டு. ஒவ்வொரு தடவையும் ஆபீசுக்குள் நுழைந்ததும் வேதாந்தம் நிமிர்ந்து, “எத்தனை?” என்பார். அவள் எண்ணை மட்டும் சொல்வாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஆனால் அந்த நாட்களில் அவர் வெற்றிலை மடிக்கும் வேகமே தனி.

1948 ஜூனில் விமானம் மறுபடி பறந்தது. அதே உயரம், அதே லென்ஸ். படங்களை நான் ராப்பகலாகக் கழுவி எடுத்துக் கொடுத்தேன். நோரா பழைய கோடைப் படத்தின் கரைக்கோட்டை ஒரு மெல்லிய தாளில் மையால் இழுத்தாள். புதிய கோட்டை இன்னொரு தாளில். இரண்டையும் வெளிச்ச மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, குடிசைச் சுவர்களைப் பொருத்தினாள். வேதாந்தம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

குறைந்தது மூன்று வருஷ இடைவெளி. பட்டினப்பாக்கத்தின் முன்னால் இரண்டு கோடுகளும் ஒரே கோடாகத் தெரிந்தன. ஓரிடத்தில் மட்டும் பேனா முனை அளவு விலகல், தரையில் நாலைந்தடி.

“நம்ம கை நடுக்கம் அவ்வளவு இருக்கும்” என்றாள் நோரா.

“உங்க கை நடுங்கித்து, கடலோட கை நடுங்கலை” என்றார் வேதாந்தம். மேஜை விளக்கின் வெளிச்சத்தில் அவர் முகம் சின்னப் பையன் முகம்போல இருந்தது. “மிஸ் லியோனார்ட், இத ஒரு கட்டுரையா எழுதுங்கோ. டில்லிக்கு அனுப்பறேன். மேல உங்க பேர் மட்டும் போரும். நான் ஏழாவது விதியோட திருப்திப்பட்டுக்கறேன்.”

மறுநாள் காலை படத்தைக் காட்ட நாங்கள் குப்பத்துக்குப் போனோம். கபாலிக்குப் படம் பார்க்க நேரமில்லை. ஓலைத் தட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார். வாசலில் செங்கல் அடுக்கியிருந்தது. இரண்டு பேர் சுண்ணாம்புக் கலவை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா பாக்கற? கல்லுச் சொவரு” என்றார், நோராவிடம். “கொஞ்சம் தள்ளி நில்லு, நூல் பிடிக்கணும்.”

அவள் தள்ளி நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நூலின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டாள்.